அருங்காட்சியகச் சங்கத்தின் கமிட்டிக்கு உங்களைக் கூப்பிட்டால்

அருங்காட்சியகங்களில் வேலை செய்பவர்கள் நடத்தும் சங்கத்தின் கமிட்டிக்கு வருகிறீர்களா என்று யாராவது கேட்டால், சரி சொல்வதற்கு முன்னால் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: சங்கத்தின் பைலா (அதாவது விதிமுறைகள்), கடைசிப் பொதுக்குழுக் கூட்டத்தின் மினிட்ஸ், தணிக்கை முடிந்த கடைசி ஆண்டுக் கணக்கு. கேட்டவுடன் சிலருக்கு முகம் மாறும். "என்ன மேடம், நம்ம சங்கம்தானே?" என்பார்கள். நம்ம சங்கம் என்பதால்தான் கேட்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

பைலாவில் பதவிக்காலம், கோரம் (கூட்டம் செல்ல எத்தனை பேர் வர வேண்டும் என்பது), காசோலையில் யார் யார் கையெழுத்து என்ற மூன்றையும் பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கம் என்றால் கமிட்டியில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் பதவிக்காலம் கிடையாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். மினிட்ஸில் கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். பத்து வருடமாக அதே ஏழு பெயர் என்றால் உங்களை எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் யோசிக்கலாம். கணக்கில் வைப்புத்தொகை வட்டி மட்டும் வளர்ந்துகொண்டு, பயிற்சிச் செலவு என்ற வரியே இல்லை என்றால், ஆண்டுக்கு ஒருமுறை சால்வை போடுவதும் குரூப் போட்டோ எடுப்பதும்தான் அங்கே நடக்கிறது. அதற்காக ஓடிவிட வேண்டாம். எதற்குள் கால் வைக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

நான் சென்னையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பொருள் உள்ளே வந்தால் எண் போட்டு, அளந்து, படம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. துறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னச் சங்கத்தில் இணைச் செயலாளர். அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம், நான் சொல்வது எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தும்.

இந்த மாதிரிச் சங்கம் எதற்கு என்பதில் எனக்கு ஒரே கருத்துதான். மாவட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் காப்பாட்சியருக்காக. அவரே காட்சிக்கூடம், அவரே பள்ளி மாணவர்களுக்கு விளக்கம், அவரே ஆபீஸ் ஃபைல், கலெக்டர் மீட்டிங்குக்கும் அவரே. ஒரு நாள் காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கலச் சிலையின் மேல் வெளிர் பச்சைப் பொடி உதிர்ந்து கிடக்கிறது. யாரைக் கேட்பார்? பக்கத்தில் இருப்பவர் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்பார். ஆகும், நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பூச்சும் அதோடு போய்விடும். அந்த நேரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டால், "தேய்க்காதீங்க, தண்ணீர் படக் கூடாது, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டு எழும்பூர் ஆய்வகத்துக்கு எழுதுங்க" என்று பத்து நிமிடத்தில் பதில் வர வேண்டும். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஈரத்தைக் குறைத்தாலே பாதி அடங்கும். எழும்பூரில் இருக்கும் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-லிருந்து இருக்கிறது. ஆனால் அங்கே யாரிடம், எப்படி எழுதுவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே? கமிட்டியில் எந்த முடிவு எடுத்தாலும் அந்தத் தனி ஆளுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாதித் தீர்மானங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

எந்த அமைப்பில் சேர்வது? அகில இந்திய அளவில் 1944-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகங்கள் சங்கம் இருக்கிறது. உலக அளவில் 1946-ல் பாரிஸைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய ஐகாம், அதாவது பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றம். ஐகாமில் நாட்டுக்கு ஒரு தேசியக் குழு, அதைத் தவிர துறைவாரியாகப் பன்னாட்டுக் குழுக்கள்: ஆவணப்படுத்தலுக்கு சிடாக், பாதுகாப்புக்கு ஐகாம்-சிசி, கல்விக்கு சேகா என்று. அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்கள் சேரலாம், மாணவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை பொது மாநாடு. 2022-ல் பிராகில் கூடியபோதுதான் அருங்காட்சியகம் என்றால் என்ன என்ற வரையறையையே மாற்றி ஓட்டுப் போட்டார்கள். பெரிய இடம், பெரிய பேச்சு. முதல் தடவை கமிட்டிக்கு வருபவருக்கு நான் சொல்வது: பக்கத்தில் இருக்கும் சின்னச் சங்கத்தில் தொடங்குங்கள். அங்கேதான் நாற்காலி போடுவது முதல் ஆடிட்டரைப் பார்ப்பது வரை எல்லாம் கைக்கு வரும்.

அரசு ஊழியராக இருந்தால் ஒரு படி கூடுதல். மத்திய அரசு அருங்காட்சியகத்தில் வேலை என்றால் 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-வது விதியைப் படியுங்கள். எந்த அமைப்பிலும் தேர்தல் மூலம் வரும் பதவியை வகிக்க முன் அனுமதி வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி நடத்தை விதிகள் இருக்கின்றன. எழுத்தரிடம் வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். சங்கத்தின் பதிவு எண், பதவியின் பெயர், சம்பளம் கிடையாது, அலுவலக நேரத்தைப் பாதிக்காது என்ற நான்கு விவரம் போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பைலாவின் நகலை இணையுங்கள். பதில் வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டால், அழைப்பாளராகக் கூட்டத்தில் உட்காருங்கள், பதவி அப்புறம்.

தனியாரில் இருப்பவர்களும் மேலாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. என் மேலதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம இருப்பு விவரம் எதுவும் வெளியே போகாதே?" நியாயமான கேள்வி. எந்தப் பொருள் எந்த அறையில், எந்தப் பூட்டில் என்பதெல்லாம் சங்கத்தில் பேசக் கூடாத விஷயம். உதாரணத்துக்குப் படம் காட்டும்போதுகூடப் பின்னால் இருக்கும் அலமாரி எண் தெரியாமல் வெட்டிவிட்டுத்தான் காட்டுவேன்.

அடுத்து, எந்தப் பொறுப்பு. தலைவர், துணைத்தலைவர் பதவிகளுக்கு ஆள் எப்போதும் இருப்பார்கள். ஆள் கிடைக்காதது செயலாளருக்கும் பொருளாளருக்கும்தான். கணக்கில் பழக்கம் இல்லாவிட்டால் பொருளாளர் வேண்டாம்; மற்றவர்கள் மரியாதைக்காகத் தள்ளுவார்கள், மறுத்துவிடுங்கள். செயற்குழு உறுப்பினராக நுழைந்து, ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேட்டு வாங்குவதுதான் என் சிபாரிசு. "என்னால் முடிந்ததைச் செய்கிறேன்" என்று சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது பேனர் கட்டும் வேலை. "செய்தி மடல் என்னுடையது, மூன்று மாதத்துக்கு ஒன்று வரும்" என்று சொன்னால் அது உங்கள் வேலை, அதில் மற்றவர்கள் கை வைக்க யோசிப்பார்கள்.

மினிட்ஸ் எழுத யாரும் முன்வருவதில்லை. நீங்கள் வாருங்கள். சங்கத்தில் நிஜமான அதிகாரம் இருக்கும் இடம் அதுதான் என்பது என் அனுபவம். ஆனால் எழுதும் விதம் மாற வேண்டும். பழைய புத்தகங்களில் "பயிற்சி முகாம் நடத்துவது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று இருக்கும். விவாதித்து என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. நான் இப்படி எழுதுவேன்: "ஆகஸ்ட் பயிற்சிக்கு இரண்டு இடங்களைப் பார்த்து, வாடகை விவரத்தை 10-ம் தேதிக்குள் குழுவுக்குத் தெரிவிப்பது: இணைச் செயலாளர்." வேலை, தேதி, ஆள். இந்த மூன்றும் இல்லாத வரி மினிட்ஸில் எதற்கு? கூட்டம் முடிந்த அன்று இரவே அனுப்பிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அனுப்பினால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார்.

கூட்டத்தில் பேசுவது தனிக் கலை. நம் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் நிறைய. அவர்களிடம் வேலை கற்றவர்கள்தான் இன்று எதிரே உட்கார்ந்திருப்பார்கள். "சார் சொல்றது சரிதான்" என்று ஒரு குரல் வந்துவிட்டால் அந்தப் பொருள் அதோடு முடிந்தது. நேருக்கு நேர் மறுத்துப் பேசிப் பயனில்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரமே போன் செய்து, "சார், ஒரு சந்தேகம், நீங்க இருந்தப்போ இதை எப்படிப் பண்ணினீங்க?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் பேசுவார், அதில் கால்மணி நேரம் நமக்குத் தேவையான விஷயம் இருக்கும். கூட்டத்தில் அவரே உங்கள் யோசனையை எடுத்து வைப்பதும் உண்டு. பெயர் அவருக்குப் போகட்டும், வேலை நடந்தால் சரி.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காட்சிக்கூடத்தில் காவலுக்கு நிற்கும் உதவியாளர்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். "அவங்க எதுக்கு மேடம்?" என்று எங்கள் சங்கத்திலும் கேட்டார்கள். ஓலைச்சுவடிப் பெட்டியில் இராமபாணப் பூச்சி ஓடுவதை முதலில் பார்ப்பது யார்? மழைக்காலத்தில் எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது என்று தெரிந்தவர் யார்? சந்தாவை அவர்களுக்குக் குறைத்து வையுங்கள், பைலாவில் அதற்கு ஒரு திருத்தம் போட்டால் முடிந்தது.

இனி பயிற்சி. ஒரு நாள் பயிற்சியை நன்றாக நடத்திவிட்டால் கமிட்டி வேலையில் முக்கால்வாசி கற்றுக்கொண்ட மாதிரி. பொருள்களுக்கு எண் போடும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம், அது என் துறை.

முதலில் தேதி. சில அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை, சிலவற்றுக்குத் திங்கள். விடுமுறை நாளில் வைத்தால் வருபவர் தன் ஓய்வு நாளை இழப்பார். வேலை நாளில் வைத்தால் அனுமதி வேண்டும். நான் வேலை நாள் கட்சி. பயிற்சியும் வேலைதான். அதனால் ஒரு மாதம் முன்பே துறைத் தலைமைக்கு, பாடத்திட்டத்தோடு கடிதம் போக வேண்டும். ஓ.டி. (வெளியே வந்தாலும் பணியில் இருப்பதாகக் கணக்கு வைக்கும் அனுமதி) கிடைக்காமல் யாராலும் வர முடியாது. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக தினம் என்பதால் அந்த வாரத்தில் எல்லோரும் அவரவர் விழாவில் இருப்பார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் காலை பத்து மணி. ஒன்பதுக்கு வைக்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்தும் கோவையிலிருந்தும் இரவுப் பேருந்தில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் விடிகாலை இறங்குவார்கள். அவர்கள் குளித்து உடை மாற்ற ஓர் இடம், பெண்களுக்குத் தனியாக, ஏற்பாடு செய்துவிட்டால் பயிற்சி பாதி வெற்றி. இதை எந்த பட்ஜெட்டிலும் நான் பார்த்ததில்லை. நாங்கள் ஒரு வரியாகவே சேர்த்துவிட்டோம்.

ஆட்கள் இருபதைத் தாண்ட வேண்டாம். சொல்லிக்கொடுப்பவர் ஒவ்வொருவர் கையையும் பார்க்க வேண்டிய வேலை இது. பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, பொருளின் மேல் நகம் அகலத்துக்கு ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு அதன் மேல் மையால் எண், அதற்கும் மேல் இன்னொரு பூச்சு. எண் பொருளைத் தொடுவதே இல்லை. வேண்டாம் என்றால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் எடுத்துவிடலாம். கேட்க எளிது. சென்னை வெயிலில் அசிட்டோன் பூசும்போதே ஆவியாகிக் குமிழ் கட்டும், தூரிகையில் நூல் நூலாக இழுக்கும். மின்விசிறியைப் போட்டால் இன்னும் மோசம், நிறுத்தினால் இருபது பேரும் உங்களைத் திட்டுவார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, மேசையை விசிறிக்கு நேர் கீழே போடாமல் தள்ளிப் போடுங்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பக்கத்து அறையில் டீ போடும் அடுப்பு இருக்கக் கூடாது. ரயிலில் கொண்டுபோவதும் கூடாது, வெளியூரில் பயிற்சி என்றால் அந்த ஊரிலேயே ஆய்வகப் பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நகப்பூச்சு நீக்கி வாங்கி வந்தால் ஆகாதா என்று ஒருவர் கேட்பார். ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

பழகுவதற்குச் சேகரிப்புப் பொருளைத் தொடவே வேண்டாம். உடைந்த பானை ஓடு, பழைய பித்தளைச் சொம்பு, கருங்கல் சில்லு போதும். துணிக்கு இந்த முறை கிடையாது, பருத்தி நாடாவில் எண் எழுதித் தைக்க வேண்டும்; காகிதத்துக்கு மென்மையான பென்சில்; பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதையெல்லாம் பேசினால் தூங்கிவிடுவார்கள். பேச்சு காலையில், கை வேலை மதியம்.

முடிவில் சான்றிதழ் அழகாக இருக்கிறதோ இல்லையோ, வருகைச் சான்றில் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். பயணப்படி அதை வைத்துத்தான் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து எல்லோருக்கும் போன் செய்து, எத்தனை பொருளுக்கு எண் போட்டீர்கள் என்று கேளுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் பிசின் கிடைக்கவில்லை என்பார்கள். அப்படியானால் சங்கமே மொத்தமாக வாங்கிச் சின்னப் புட்டியில் பிரித்துக் கொடுக்கலாமே? அடுத்த கூட்டத்தில் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

பணம் பற்றிக் கொஞ்சம். கண்ணாடிப் பெட்டி விற்பவர், விளக்கு விற்பவர் எல்லாம் மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்க முன்வருவார்கள். உங்கள் அருங்காட்சியகத்தில் அவருடைய டெண்டர் நிலுவையில் இருந்தால், அதைக் கூட்டத்தில் சொல்லி மினிட்ஸில் ஏற்றிவிட்டு, அந்த முடிவிலிருந்து விலகி நில்லுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது நன்கொடை தருகிறேன் என்றால் இன்னும் கவனம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்தானே என்று நினைப்போம். அவரிடம் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி.

கமிட்டியில் பெயர் வந்துவிட்டால் இன்னொன்றும் நடக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன். "மேடம், எங்க வீட்ல ஒரு பழைய சிலை இருக்கு. போட்டோ அனுப்பறேன், என்ன விலை போகும்னு மட்டும் சொல்லுங்க." விலை சொல்லவே சொல்லாதீர்கள். அசலா போலியா என்றும் சொல்லாதீர்கள், நட்புக்காகக்கூட. ஐகாமின் நெறிமுறைகளைப் படித்தால் காரணம் புரியும்: தொல்பொருள் வியாபாரத்தின் நிழல்கூட அருங்காட்சியகக்காரர் மேல் விழக் கூடாது. அவருக்குச் சொல்ல வேண்டியது சட்டம். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய சிலை தொல்பொருள். சுவடிக்கு 75 ஆண்டு. தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும், கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் தொடங்கச் சொல்லுங்கள். இதைச் சொன்னவுடன் சிலர் போனை வைத்துவிடுவார்கள். அழைப்பு வந்த தேதியையும் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்து வைக்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவுக்குக் கறாரான விதி வேண்டும். குட் மார்னிங் கிடையாது, பூங்கொத்துப் படம் கிடையாது, பிறந்தநாள் வாழ்த்துக்கு வேறு குழு. வாழ்த்துகளுக்கு நடுவில் அந்தப் பச்சைப் பொடிக் கேள்வி காணாமல் போனால் குழு இருந்து பயனில்லை.

விலகும் காலத்தைச் சேரும்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒரு பதவிக்காலம் கற்றுக்கொள்ள, இன்னொன்று செய்து காட்ட. அதற்கு மேல் இருந்தால் நாற்காலி பழகிவிடும். கடைசி ஆறு மாதத்தில் உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல், இணையதளத்தைப் புதுப்பிக்கும் தேதி, ஆடிட்டரின் எண், உறுப்பினர் பட்டியல், அச்சகத்தில் பாக்கி என்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொடுங்கள். புதுக் கமிட்டியின் பட்டியலை மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் ஏழில் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வாழ்த்துகளுக்கு நடுவில் எல்லோரும் மறக்கும் வேலை அது. தாக்கல் செய்த நகல் இல்லாமல் வங்கியில் கையெழுத்து மாற்றுவது இழுத்தடிக்கும். அப்புறம், புதியவரின் கையெழுத்தை வங்கி ஏற்றுக்கொண்டது என்று உறுதியான பிறகே உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் பெயரை எடுத்துவிட்டால், ஹால் முன்பணத்துக்குக் காசோலை போட ஆளே இருக்காது.